குப்பென்று ஏறும் சூடு: மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 44. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, அப்புறம் கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, நோய் திரும்பாமல் இருக்கத் தரும் தமாக்ஸிஃபென் மாத்திரை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மாதவிடாய் கீமோவின் நடுவிலேயே நின்றுவிட்டது. பகலில் ஏழெட்டு முறை, இரவில் நான்கைந்து முறை, மார்பிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறுகிறது. உடை நனைகிற அளவுக்கு வியர்த்து, அடுத்த நிமிடமே குளிர்கிறது. மருத்துவரிடம் சொன்னபோது "இந்த மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டார். இதைக் குறைக்க இயற்கையான வழி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: "பத்து நாள் மாத்திரை போடாமல் இருந்து பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை." உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாத்திரையா தூக்கமா, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதானே கேள்வி?

நான் மருத்துவர் அல்ல. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்களின் தொடர் கண்காணிப்புப் பிரிவில் இருபது வருடத்துக்கும் மேலாகச் செவிலியர். மருந்து எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்லை. உங்கள் பரிசோதனை முடிவுகளையும் நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தச் சூட்டைப் பற்றி ஆயிரக்கணக்கான முறை காதுகொடுத்துக் கேட்டிருக்கிறேன். எது யாருக்கு உதவியது, எது வெறும் பேச்சோடு நின்றது என்று ஓரளவு தெரியும்.

நேரடியான பதிலை முதலிலேயே சொல்கிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஹாட் ஃப்ளஷ் என்கிற இந்தத் தொல்லையைக் குறைக்க, சோதித்துப் பார்த்து நிரூபிக்கப்பட்ட வழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அது அடியோடு நிற்பதில்லை, பாதியாகவாவது குறைகிறது. பாதியாகக் குறைந்தாலே இரவு திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்துவது அந்த வழிகளில் ஒன்று அல்ல. ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோயில் தமாக்ஸிஃபெனை ஐந்து வருடம் எடுத்தவர்களுக்கு, முதல் பதினைந்து வருடங்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பல நாட்டுச் சோதனைகளின் தரவுகளைச் சேர்த்து அலசி 2011இல் வெளியான முடிவு இது. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பத்து நாள் விட்டதால் பெரிய கேடு எதுவும் நடந்திருக்காது, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். தமாக்ஸிஃபென் உடலில் நீண்ட நாள் தங்கும் மருந்து. அதனால்தான் பத்து நாள் விட்டும் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பத்து நாள் மெல்லப் பத்து மாதம் ஆகிவிடுவதுதான் ஆபத்து.

அப்படி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். அதில் என் பங்கும் உண்டு. வேலைக்கு வந்த புதிதில், உங்கள் வயதையொத்த ஒருவர் இதே புகாரோடு வந்தார். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். "போகப் போகப் பழகிவிடும்மா, உயிர் தப்பியதே பெரிசு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தட்டிக்கொடுத்துத்தான் சொன்னேன். அடுத்த முறை அவர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. ஒரு வருடம் கழித்து வந்தபோது, பாதி மாத்திரைகளை வாங்கி அலமாரியில் வைத்திருந்ததாகச் சொன்னார். "நீங்கள் சொன்னபடி பழகிக்கொள்ள என்னால் முடியவில்லை, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது" என்றார். அன்றிலிருந்து யாரிடமும் "பழகிவிடும்" என்று நான் சொல்வதில்லை. நோயைத் தாண்டி வந்தவர் தூக்கம் வேண்டும் என்று கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது.

சரி, இது ஏன் வருகிறது? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடல் வெப்பத்தைக் காவல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. வழக்கமாக உடல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண் ஹார்மோன் குறைந்துவிட்டால் அங்கிருக்கும் சில நரம்பணுக்கள் கட்டுப்பாடு தளர்ந்து பரபரப்பாகிவிடுகின்றன. நியூரோகைனின் பி என்கிற வேதிப்பொருள் அதிகமாகச் சுரக்கிறது. இலை விழுந்தாலும் குரைக்கிற நாயைப் போல, வெப்பம் இம்மியளவு ஏறினாலே "கொதிக்கிறது, வெளியேற்று" என்று உத்தரவு போய்விடும். தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வியர்வை கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. உண்மையில் உடம்பு அவ்வளவு சூடாக இருந்ததே இல்லை. அதனால்தான் வியர்த்து முடித்ததும் குளிர்கிறது.

இயற்கையாக மாதவிடாய் நிற்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜென் வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். உங்களுக்கு அப்படி இல்லை. கீமோ சினைப்பைகளைச் சில மாதங்களில் முடக்கிப்போட்டது. அதன்மேல் தமாக்ஸிஃபென் வந்து, மிச்சம் இருக்கும் ஈஸ்ட்ரோஜெனும் மூளையில் எடுபடாமல் மறித்துக்கொண்டு நிற்கிறது. படியில் இறங்குவதற்கும் மாடியிலிருந்து தள்ளிவிடப்படுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆகவே உங்கள் அக்கா "எனக்கும்தான் வந்தது, இரண்டு வருடத்தில் போய்விட்டது" என்று சொன்னால் அவருடையதும் உங்களுடையதும் ஒன்றல்ல. சினைப்பையை ஊசி போட்டு நிறுத்திவைத்தவர்களுக்கும், அறுவை செய்து எடுத்தவர்களுக்கும், உடலில் ஈஸ்ட்ரோஜென் உருவாவதையே தடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்.

எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தமாக்ஸிஃபென் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் ஏறி, பிறகு ஒரு மட்டத்தில் நிற்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். சிலருக்குத் தானாகத் தணிகிறது, சிலருக்கு மாத்திரை முடியும்வரை இருக்கிறது. நீங்கள் எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. எட்டாம் மாதத்திலும் இந்த அளவில் இருப்பதால், காத்திருந்து பார்க்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும்: "சூடு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்." சில ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு தெரிந்தது உண்மை, வேறு சிலவற்றில் தெரியவில்லை. அதை நம்பிச் சூட்டைச் சகித்துக்கொள்ளவும் வேண்டாம், சூடே வராதவர்கள் தங்களுக்கு மருந்து பலிக்கவில்லை என்று கலங்கவும் வேண்டாம். ஹாட் ஃப்ளஷுக்கு எடுக்கும் மருந்து, சரியானதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், தமாக்ஸிஃபெனின் பலனைக் குறைக்காது.

மருந்துக்குப் போகும் முன் ஒரு விஷயம். எல்லா வியர்வையும் இந்த மாத்திரையால் வருவதல்ல. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், நாள்பட்ட தொற்று இருந்தாலும், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினாலும், வேறு சில வலி மாத்திரைகளாலும் வியர்க்கும். வியர்வையோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, விடாத இருமல், புதிதாகத் தெரியும் கட்டி என்று எதாவது சேர்ந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். தமாக்ஸிஃபென் எடுப்பவர் என்பதால் இன்னும் இரண்டு: ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீரென்று மூச்சுத்திணறல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. நின்றுபோன பிறகு மீண்டும் ரத்தப்போக்கு தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இனி செய்யக்கூடியவை. இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் குறியுங்கள். பகலில் எத்தனை, இரவில் எத்தனை, ஒவ்வொன்றும் லேசா, நடுத்தரமா, கடுமையா, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் போதும். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, "ரொம்ப வேர்க்கிறது டாக்டர்" என்பதைவிட "ஒரு நாளைக்கு 12 முறை, அதில் 4 முறை தூக்கம் கலைகிறது" என்பது மருத்துவரை நிமிர்ந்து உட்காரவைக்கும். இன்னொன்று, எந்த வைத்தியம் தொடங்கினாலும் அது உண்மையில் உதவுகிறதா என்று தெரிந்துகொள்ள முந்தைய கணக்கு வேண்டும். இந்த விஷயத்தில் மனம் ஏமாற்றுவது சகஜம். ஆய்வுகளில் ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கே ஹாட் ஃப்ளஷ் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல் குறைகிறது. "இந்தப் பொடியால் எனக்குப் பாதி குறைந்தது" என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பொடிதான் குறைத்தது என்றும் ஆகிவிடாது.

நோட்டில் சிலருக்கு ஒரு ஒழுங்கு தென்படும். சூடான பானம் குடித்த பத்தாவது நிமிடம், மது, காரம், அடைத்த அறை, அவசர அவசரமாகக் கிளம்பும் நேரம் என்று ஏதாவது ஒன்று. தென்பட்டால் அதை மட்டும் விலக்குங்கள். தென்படாதவர்கள் பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டுத் தவம் இருக்கத் தேவையில்லை. காப்பியை விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பாதிப் பேருக்குக் கிடைத்த ஒரே பலன் காலைத் தலைவலி. உடையை ஒரே கனமான துணியாக இல்லாமல் கழற்றிப் போடக்கூடிய மெல்லிய இரண்டு அடுக்காக வைத்துக்கொள்வது, படுக்கையறையைக் குளிர்ச்சியாக வைப்பது, ஒரே தடிமனான போர்வைக்குப் பதில் இரண்டு மெல்லியவை, கைக்கெட்டும் தூரத்தில் மாற்று உடையும் தண்ணீரும் ஒரு சிறிய துண்டும். இவற்றுக்குப் பெரிய ஆய்வு ஆதாரம் இல்லை. செய்வதால் நஷ்டமும் இல்லை. இரவில் எழுந்தால் விளக்கைப் போடாமல் உடையை மாற்றிக்கொள்ள முடிகிற மாதிரி வைத்துக்கொள்வது முக்கியம். மணி பார்க்காதீர்கள். மணி மூன்று என்று தெரிந்ததும் "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்கிற கணக்கு தொடங்கிவிடும். பாதித் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கணக்குதான்.

மருந்தில்லாத வழிகளில் ஆதாரம் உறுதியாக இருப்பது எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் பேச்சுப் பயிற்சிக்கு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சிபிடி. "என் உடம்பு வேர்க்கிறது, என்னைப் போய் மனநல ஆலோசகரிடம் அனுப்புகிறீர்களே" என்று பலர் கோபித்துக்கொள்வார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் விஷயம் அப்படி இல்லை. பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 96 பெண்களிடம் இதைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒரு முறை 90 நிமிடம் வீதம் ஆறு வாரம், குழுவாக. எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அது எவ்வளவு தொல்லை தருகிறது என்ற அளவு நன்றாகக் குறைந்தது, தூக்கமும் மனநிலையும் தேறின. அதே பத்து முறை வருகிறது, ஆனால் பத்தும் வாழ்க்கையைக் கலைப்பதில்லை. சூடு ஏறும்போது நமக்குள் ஓடும் பேச்சைக் கவனித்தால் இது விளங்கும். "எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், எப்போது நிற்கும், தாங்க முடியவில்லை" என்று மனம் பதற, பதற்றமே சூட்டை இன்னும் ஏற்றும். அந்த நேரத்தில் தோளைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக மூச்சு விட்டு, "இது நாலு நிமிடத்தில் போய்விடும்" என்று விட்டுவிடப் பழகுவதுதான் பயிற்சியின் மையம். ஆலோசகர் கிடைக்காவிட்டால் புத்தகமாகவோ இணையவழிப் பாடமாகவோ செய்தாலும் பயன் இருக்கிறது.

வெறும் மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா என்றால், தனியாகச் சோதித்தபோது அது எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. ஹிப்னாஸிஸ் எனப்படும் அறிதுயில் முறைக்குச் சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, முறையாகப் பயின்றவர் கிடைப்பதுதான் சிரமம். அக்குபங்சர் பற்றி எனக்கே இரண்டு மனது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் உதவுகிறது, போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மங்கிவிடுகிறது. அறுவை செய்த பக்கத்துக் கையில் நிணநீர் வீக்கம் இருந்தால் அந்தக் கையில் ஊசி குத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைப்பேன். உடற்பயிற்சி ஹாட் ஃப்ளஷை நேரடியாகக் குறைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எலும்புக்கும் தூக்கத்துக்கும் களைப்புக்கும் அது நல்லது என்பதில் ஐயமே இல்லை, அதனால் நடையை விடாதீர்கள்.

இப்போது மருந்துகள். உங்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், கடையில் நீங்களே வாங்கிப் போடுவதற்காக அல்ல. முதலில் வருவது வென்லாஃபாக்ஸின். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து, ஆனால் இங்கே அதைவிடக் குறைந்த அளவில். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரத்தில் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு ஹாட் ஃப்ளஷ் 27 சதவீதம் குறைந்தது, 37.5 மி.கி. எடுத்தவர்களுக்கு 37 சதவீதம், 75 மி.கி. எடுத்தவர்களுக்கு 61. அளவை 150 ஆக்கியும் அதற்கு மேல் குறையவில்லை. அதனால் 37.5இல் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 75க்குப் போவதுதான் வழக்கம். மனச்சோர்வுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இதற்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். முதல் வாரம் குமட்டல், வாய் உலர்தல், பசி குறைதல் இருக்கலாம். ரத்த அழுத்தம் ஏறக்கூடும் என்பதால் அளந்து பார்ப்பார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் என்று படுத்திவிடும், படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். "மனநோய் மாத்திரையா?" என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், இது மூளையின் வெப்பக் காவலரைச் சாந்தப்படுத்தத் தருவது என்று சொல்லுங்கள்.

இதே குடும்பத்தில் ஒரு பொறி இருக்கிறது, இதைத் தவறாமல் நினைவில் வையுங்கள். பராக்ஸிடின், ஃப்ளுவாக்ஸிடின் என்று இரண்டு மருந்துகள். பராக்ஸிடின் ஹாட் ஃப்ளஷுக்கு நன்றாகவே வேலை செய்யும், அமெரிக்காவில் அதற்கென்றே அனுமதியும் பெற்றது. ஆனால் தமாக்ஸிஃபென் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை எண்டாக்ஸிஃபென் என்னும் வீரியமான வடிவமாக மாற்ற வேண்டும். இந்த இரண்டு மருந்துகளும் அந்த நொதியைப் பலமாக அடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் எண்டாக்ஸிஃபென் குறைகிறது என்பது உறுதி. அதனால் நோய் திரும்புவது எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வேறு மருந்து கையில் இருக்கும்போது அந்தச் சந்தேகத்தை ஏன் சுமக்க வேண்டும் என்பதே என் எண்ணம். வென்லாஃபாக்ஸின் அந்த நொதியை மிகக் குறைவாகவே தொடுகிறது. லெட்ரோசோல் போன்றவை எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. உங்கள் பழைய சீட்டுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், பதற்றத்துக்கென்று வேறொரு மருத்துவர் எழுதியதில் இந்தப் பெயர்கள் இருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது காபாபென்டின். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பது. மார்பகப் புற்றுநோய் வந்த 420 பெண்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், ஒரு நாளைக்கு 900 மி.கி. எடுத்தவர்களுக்கு எட்டு வாரத்தில் ஏறத்தாழ 46 சதவீதம் குறைந்தது, போலி மாத்திரைக்கு 15. இதன் பெரிய பக்கவிளைவு தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும். பகலில் அது தொல்லை, இரவில் அதுவே வரம். உங்களைப் போல் இரவுதான் பிரச்சினை என்பவர்களுக்குப் படுக்கும்போது மட்டும் 300 மி.கி. கொடுத்துத் தொடங்கும் மருத்துவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து எது பிடித்திருக்கிறது என்று கேட்ட ஒரு சிறிய ஆய்வில், மூன்றில் இரண்டு பேர் வென்லாஃபாக்ஸினைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பகலில் ஓடியாடி வேலை செய்கிறவரா, இரவில் தவிக்கிறவரா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முதல் மருந்து ஒத்துவரவில்லை என்றால் "எனக்கு எதுவுமே கேட்காது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அடுத்ததைக் கேளுங்கள்.

ஆக்ஸிபியூட்டினின் என்று ஒன்று உண்டு, சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்குத் தருவது. 2.5 மி.கி. அல்லது 5 மி.கி. ஒரு நாளைக்கு இருமுறை கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்திருக்கிறது. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். வயதானவர்களுக்கு நெடுநாள் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள், நினைவாற்றலைப் பாதிக்கலாம் என்ற கவலை இருக்கிறது. க்ளோனிடின் பழைய மருந்து, பலனும் சுமார்தான், ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும்.

புதிதாக வந்திருப்பவை நான் மேலே சொன்ன அந்த நியூரோகைனின் பாதையையே மறிப்பவை. ஈஸ்ட்ரோஜெனைத் தொடாமல் நேராக மூளையில் சூடு கிளம்பும் இடத்தில் வேலை செய்கின்றன. ஃபெசோலினெடன்ட் அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்றது. கல்லீரல் பாதிப்பு குறித்த கடுமையான எச்சரிக்கை பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. உங்களுக்கு அதைவிட முக்கியம் எலின்சனெடன்ட், ஏனென்றால் ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுக்கும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடமே அதைச் சோதித்திருக்கிறார்கள். 2025இல் வெளியான அந்த ஆய்வில், நாளுக்குச் சராசரியாக 11 முறைக்கு மேல் வந்தவர்களுக்கு 12 வாரத்தில் அதில் ஏறத்தாழ எட்டு முறை குறைந்துவிட்டது, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு நான்கு முறைதான் குறைந்தது. தலைவலி, களைப்பு, தூக்கக் கலக்கம் தெரிந்தன. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் பத்து வருடம் கழித்து என்ன என்று சொல்ல இன்னும் பத்து வருடம் ஆகவில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் கிடைக்கிறதா என்று உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

தோழி ஒருவர் ஹார்மோன் மாத்திரை போட்டு ஒரே வாரத்தில் சரியானதாகச் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவருக்குச் சரியாகியிருக்கும். ஹாட் ஃப்ளஷுக்கு ஈஸ்ட்ரோஜெனை மிஞ்சிய மருந்து கிடையாது, அதை மறைப்பானேன். ஆனால் அவருக்குப் புற்றுநோய் வந்ததில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் நாட்டுச் சோதனை ஒன்றை, நோய் திரும்புவது அதிகமானதால் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது. அதே காலத்தில் நடந்த இன்னொரு சோதனையில் அப்படித் தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டிபோலோன் என்னும் மாத்திரையைச் சோதித்தபோதும் நோய் திரும்புவது கூடியது. எல்லா வழியும் அடைபட்டு வாழ்வே பாரமான ஒரு சிலருக்கு, தெரிந்தே துணிந்து கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. அது நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவு. இன்னும் ஒரு மருந்தும் முயன்று பார்க்காத நீங்கள் அந்த இடத்தில் இல்லை.

இயற்கை வைத்தியம் என்று கேட்டதற்கு இவ்வளவு தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும். பிளாக் கோஹோஷ் என்னும் மூலிகை கட்டுப்பாட்டோடு நடந்த சோதனைகளில் கைகொடுக்கவில்லை, அரிதாகக் கல்லீரலைக் கெடுத்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. ஆளி விதையையும் மக்னீசியத்தையும் சோதித்தார்கள், போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. வைட்டமின் ஈ ஒரு நாளைக்கு ஒரு ஹாட் ஃப்ளஷைக் குறைத்தது, அவ்வளவே. சோயாவை உணவாக அளவோடு சாப்பிடுவதில் தவறில்லை, அதன் சாரத்தை மாத்திரையாக எடுப்பதைத் தவிர்க்கச் சொல்வேன். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்கிற மூலிகை மட்டும் கண்டிப்பாக வேண்டாம், தமாக்ஸிஃபென் உட்படப் பல மருந்துகளை உடல் வேகமாக வெளியேற்றும்படி செய்துவிடும். பெயர் எழுதாத பொட்டலம், "ஹார்மோனைச் சமன் செய்யும்" என்று விற்கும் சூரணம் எதுவானாலும் என் கேள்வி ஒன்றுதான்: அது உண்மையிலேயே ஹார்மோன் போல வேலை செய்கிறது என்றால் உங்களுக்கு ஆகாது, செய்யவில்லை என்றால் எதற்கு?

மாத்திரையிலேயே சில மாற்றங்களுக்கும் இடம் இருக்கிறது. காலையில் எடுப்பதை இரவுக்கோ, இரவில் எடுப்பதைக் காலைக்கோ மாற்றிப் பார்க்கலாம். மருந்து உடலில் நாள்கணக்கில் தங்குவதால் நேரம் மாறுவதில் கேடு இல்லை. பலன் சிலர் சொல்கிறார்கள், ஆதாரமாக நான் எதையும் காட்ட முடியாது. வேறு நிறுவனத்தின் தமாக்ஸிஃபெனுக்கு மாறியதும் தணிந்ததாகச் சொன்னவர்களும் உண்டு, அதுவும் அப்படித்தான். மருத்துவரே பார்த்து சில வாரம் இடைவெளி விட்டு, சூடு உண்மையில் மாத்திரையால்தான் வருகிறதா என்று அறிந்து, பிறகு அதையோ வேறொன்றையோ தொடங்குவதும் நடப்பதுதான். நீங்கள் ரகசியமாகச் செய்ததை அவர் கண்ணெதிரே, முடிவு தேதியோடு செய்வது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 44 வயதில் கீமோவால் நின்ற மாதவிடாய் சில பெண்களுக்குத் திரும்ப வரும். ஹாட் ஃப்ளஷ் இருப்பதாலோ மாதவிடாய் இல்லாததாலோ கரு உண்டாகாது என்று நம்பிவிட முடியாது. தமாக்ஸிஃபென் கருவுக்கு ஆபத்தானது. ஹார்மோன் இல்லாத தடுப்பு முறை ஒன்று தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் கேளுங்கள், எங்களுக்கு இதெல்லாம் தினசரிப் பேச்சு.

அடுத்த முறை போகும்போது "வேர்க்கிறது" என்று தொடங்காதீர்கள். உட்கார்ந்ததும் நோட்டை மேசைமேல் வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "இந்தச் சூட்டால் பத்து நாள் தமாக்ஸிஃபெனை நிறுத்தியிருந்தேன். தொடர விரும்புகிறேன், இப்படியே தொடர முடியவில்லை. வென்லாஃபாக்ஸினோ காபாபென்டினோ எனக்குச் சரிப்படுமா?" நிறுத்தியதைச் சொல்லக் கூசாதீர்கள், அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவரும் விரும்புவார். அப்படியும் "அப்படித்தான் இருக்கும்" என்றே பதில் வந்தால், அதே மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ நோட்டைக் காட்டுங்கள், அல்லது இன்னொரு புற்றுநோய் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். அதுவரை, இன்றைக்கான மாத்திரையைப் போட்டுவிடுங்கள். விட்டுப்போன நாள்களுக்காக இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம், ஒன்று போதும்.